கரும்பலகையில் எழுதிய இடம்

பன்னிரண்டு வருடங்களாக அகலக்கோடும் நெடுங்கோடும் படிப்பித்து வந்தேன். அவ்வளவு காலமும் அவை என்னவென்று எனக்கு உண்மையில் தெரியாது. புவியியல் ஆசிரியை ஒருத்தி இப்படி ஒப்புக்கொள்வது வெட்கக்கேடுதான். ஆனால் நான் வெட்கப்படவேண்டிய இடங்கள் இனித்தான் வரவிருக்கின்றன என்பதால் இதைச் சுலபமாகச் சொல்லிவிடுகிறேன்.

எனக்குத் தெரிந்ததெல்லாம் பாடப்புத்தகத்தில் இருந்ததுதான். படுக்கையாகப் போவது அகலக்கோடு, நிமிர்ந்து நிற்பது நெடுங்கோடு. ஒரு பாகைக்கு அறுபது கலை, ஒரு கலைக்கு அறுபது விகலை. பிள்ளைகள் அதைத் தேவாரம் போல ராகத்தோடு சொல்வார்கள். உலகப்படத்தில் இரண்டு கோடுகள் வெட்டும் இடத்தைத் தொடச் சொன்னால் தொடுவார்கள். எங்கள் குடாநாடு ஒன்பது பாகை வடக்கு, எண்பது பாகை கிழக்கு என்று ஒரே புள்ளிக்குள் அடங்கிவிடும். நல்லூரும் நெல்லியடியும் அந்தப் புள்ளிக்குள்தான் கிடந்தன. நான் நிற்கிற வகுப்பறைக்கும் என் வீட்டுக் கிணற்றுக்கும் தனித்தனியாக எண் உண்டு என்று நான் ஒருநாளும் நினைத்துப் பார்த்ததில்லை. பரீட்சைக்கு அது வராது.

எனக்கு ஒரே ஒரு அண்ணை. நெல்லியடிக்கு வடக்கே, கடற்கரை ஊர் ஒன்றில் கடற்றொழில் செய்கிறார். எங்கள் பள்ளிக்கூடமும் என் வீடும் அந்த ஊரில்தான். வீட்டில் படித்து உத்தியோகத்துக்கு வந்தது நான் ஒருத்தி மட்டும். அதில் எனக்குக் கொஞ்சம் திமிர் உண்டு என்றால், அண்ணைக்கு என்னைவிடக் கூடப் பெருமை உண்டு. கரையில் யாராவது கடிதம், படிவம் என்று கொண்டுவந்தால் "என்ரை தங்கச்சியிட்டைக் குடுப்பம்" என்று வாங்கிக்கொண்டு வந்துவிடுவார். மற்றவர்களின் படிவங்களை நிரப்பியே என் ஞாயிற்றுக்கிழமைகள் பல போயிருக்கின்றன.

அண்ணையின் படகில் இரண்டு பேர். ஒருவர் அண்ணை, மற்றவர் அவருடைய கூட்டாளி. பதினாறு வருடம் ஒரே படகில் போனவர்கள். கூட்டாளியையும் நான் அண்ணை என்றுதான் கூப்பிடுவேன். இங்கே குழம்பிப்போகாமல் இருக்க அவரைக் கூட்டாளி என்றே எழுதுகிறேன். அதிகம் கதைக்காத மனிதர். அவருடைய மகள் ஒன்பதாம் வகுப்பில் என்னிடம் படித்துக்கொண்டிருந்தாள்.

அந்தத் தை மாதம் வாடைக்கடல் கொந்தளித்துக்கொண்டிருந்தது. படகுகள் எல்லாம் கரையில் ஏறிக் கிடந்தன. ஒரு பின்னேரம் அண்ணை ஒரு துவாயில் எதையோ சுற்றிக்கொண்டு வீட்டுக்கு வந்தார். அவிழ்த்தால் இரண்டு ஜிபிஎஸ் கருவிகள். ஒன்று பழையது, திரை பாதி அழிந்துவிட்டது. மற்றது புதியது. பழையதில் இருக்கும் இடங்களையெல்லாம் புதியதில் ஏற்றித் தரவேண்டும் என்றார். கடையில் கொடுத்தால் ஏற்றித் தருவார்களே என்றேன். அங்கே கொடுத்தால் தங்களுக்கும் ஒரு பிரதி எடுத்துக்கொள்வார்கள் என்று சிரித்தார்.

இதைக் கொஞ்சம் விளக்கவேண்டும். கடலடியில் இருக்கும் பாறைத் திட்டுகளைப் பார் என்போம். கலவாயும் விளைமீனும் அங்கேதான் நிற்கும். ஆளுக்கு ஆள் இரகசியமாக ஒன்றிரண்டு பார்கள் வைத்திருப்பார்கள். முந்தி கரையில் தெரிகிற கோபுரத்தையும் பனையையும் நேர்பிடித்து இடத்தை நினைவில் வைத்திருந்தார்கள், இப்போது எண்ணாக வைத்திருக்கிறார்கள், வித்தியாசம் அவ்வளவுதான். பாரில் நிற்கும்போது வேறு படகு தென்பட்டால் தூண்டிலைச் சுருட்டிக்கொண்டு சும்மா போகிறவர்கள் போல நகர்ந்துவிடுவார்கள். கரைக்கு வந்தபிறகும் எங்கே பட்டது என்று யாரும் யாரையும் கேட்பதில்லை. தெரியாத்தனமாகக் கேட்டாலும் "வடக்காலை" என்று பதில் வரும். எங்கள் கரையிலிருந்து பார்த்தால் கடல் முழுவதும் வடக்குத்தான்.

நான் பழைய கருவியைப் பார்த்து எண்களை வாசித்துப் புதியதில் அழுத்தினேன். அண்ணை பக்கத்தில் இருந்து ஒவ்வொன்றுக்கும் பெயர் சொன்னார். அப்போதுதான் என் கண் திறந்தது. அந்தக் கருவி பாகையும் கலையும் காட்டியது, கலைக்குப் பிறகு புள்ளி வைத்து இன்னும் மூன்று எண்கள். விகலை என்ற பேச்சே இல்லை. அந்த மூன்றாவது எண் ஒன்றால் மாறினால் எவ்வளவு தூரம் என்று நான் கேட்டேன். அண்ணை எழும்பி அறைக்குள் இரண்டு எட்டு வைத்துக் காட்டினார். கடதாசியில் கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஒரு கலை ஏறக்குறைய இரண்டு கிலோமீற்றர், ஆயிரத்தில் ஒரு பங்கு இரண்டு மீற்றருக்குள். சரியாகத்தான் நடந்திருந்தார்.

கடைசியாக ஓர் இடம் மிஞ்சியது. அதைச் சொல்லுமுன் அண்ணை வாசலை ஒருமுறை எட்டிப் பார்த்தார்.

"இது எனக்கும் அவனுக்கும் மட்டும்தான் தெரியும். இப்ப உனக்கும். ஒருநாளும் உன்ரை வாயிலை வரக்கூடாது."

வராது என்றேன். அந்த எண்ணை மூன்று தரம் சரிபார்க்கச் சொன்னார். மூன்று தரமும் உரக்க வாசித்ததில் அது எனக்கு மனப்பாடமாகிவிட்டது. அதை இங்கே எழுதப்போவதில்லை. இனி எழுதி என்ன, எழுதாமல் என்ன என்பது வேறு விடயம்.

மறுநாளிலிருந்து நான் ஒரு பைத்தியம். தொலைபேசியில் பாகை, கலை காட்டும் செயலி ஒன்றைப் போட்டுக்கொண்டு வளவுக்குள் நடந்தேன். கிணற்றடியில் ஓர் எண், படலையடியில் இன்னோர் எண். நெல்லியடிக்கு பஸ்ஸில் போகும்போது சன்னலோரம் இருந்து கலை குறைந்துகொண்டு போவதைப் பார்த்தேன். சுன்னாகம் சந்தைக்குப் போனபோது வெங்காய மூட்டைகளுக்கு நடுவில் நின்று திரையைப் பார்த்துக்கொண்டிருந்த என்னை ஒருவர் வழியை விடச் சொல்லிச் சத்தம் போட்டார். நாற்பது வயதில் நான் முதல்தடவையாக உலகத்தில் ஓர் இடத்தில் நிற்கிறேன் என்று தோன்றியது. இவ்வளவு காலமும் பிள்ளைகளுக்குப் படம் மட்டுமே காட்டியிருக்கிறேன் என்ற கவலையும் வந்தது. அந்தச் சந்தோசத்தையும் கவலையையும் சேர்த்து வகுப்புக்குள் கொண்டுபோனேன். வினை அங்கேதான் பிடித்தது.

மாசியில் ஒன்பதாம் வகுப்புக்கு அந்தப் பாடம் வந்தது. பள்ளிக்கூட வாசல், கோயில், பஸ் தரிப்பிடம் என்று எண்களை எழுதிப்போட்டேன். பிள்ளைகள் உற்சாகமாகக் கண்டுபிடித்தார்கள். பிறகு ஒரு பிள்ளை கேட்டது, தரையில் என்றால் கட்டடம் இருக்கிறது, ஒன்றுமே இல்லாத கடலில் இடம் பிடிக்க ஏலுமா என்று. வகுப்பில் பாதிப் பேர் கடற்றொழில் வீட்டுப் பிள்ளைகள். அந்தக் கேள்வி எனக்கு எவ்வளவு பிடித்தது என்று சொல்லமுடியாது.

கடலில் எனக்குத் தெரிந்த எண் ஒன்றே ஒன்றுதான்.

அந்த நிமிடத்தைப் பலதடவை திருப்பிப் பார்த்திருக்கிறேன். மறந்துபோய் எழுதினேன் என்று சொன்னால் அது பொய். அண்ணை சொன்னது நினைவில் இருந்தது. ஆனால் நான் என்னைப் பெரிய கெட்டிக்காரி என்று நினைத்துக்கொண்டேன். கருவியில் இருந்தபடியே எழுதாமல், புள்ளிக்குப் பின்னால் இருந்த எண்ணை அறுபதால் பெருக்கி விகலையாக்கி எழுதினேன். இந்த வேடத்தில் யாருக்கும் அடையாளம் தெரியாது என்று நம்பினேன். ஒரு இலக்கத்தை மாற்றி எழுதியிருக்கலாம். என் விரல் சும்மா ஒரு எட்டை மூன்றாக்கியிருந்தால் போதும். உண்மையான இடமாக இருக்கவேண்டும் என்ற வீம்பு எனக்கு.

அதோடு விட்டேனா? வீட்டு வேலையும் கொடுத்தேன். விகலையைக் கலையின் தசமமாக மாற்றுக, ஜிபிஎஸ்ஸில் எப்படித் தெரியும் என்று எழுதிக்கொண்டு வருக. நான் போட்ட வேடத்தைக் கழற்றி அப்பாமாருக்குக் காட்டும்படி நானே படிப்பித்து அனுப்பினேன். அன்று வீட்டுக்கு வரும்போது இவ்வளவு நல்ல பாடம் இந்தப் பள்ளிக்கூடத்தில் யாரும் எடுத்திருக்கமாட்டார்கள் என்று நினைத்துக்கொண்டு வந்தேன்.

பத்துப் பன்னிரண்டு நாள் போனது. கடலும் அடங்கியிருந்தது. ஒரு பின்னேரம் மச்சாள், அதாவது அண்ணையின் மனைவி, படலையைத் திறந்துகொண்டு வந்தாள். முகம் சரியில்லை. அண்ணையும் கூட்டாளியும் பாருக்குப் போனபோது அங்கே நாலு படகுகள் நின்றனவாம். நாலும் எங்கள் ஊர்ப் படகுகள். தூண்டில்கூடப் போடவில்லை, தங்கூசி என்கிற நைலோன் நூல் வலை விட்டிருக்கிறார்கள். பாரில் வலை விட்டால் கல்லில் கொளுவிவிடும். இழுக்க வராது, வெட்டிவிட்டுப் போவார்கள். அந்த வலை அங்கேயே கிடந்து மீனைப் பிடித்துப் பிடித்து அழுகவைக்கும். அண்ணை போட்ட தூண்டிலில் வலைத் துண்டும் அழுகல் மீனும்தான் வந்தன என்று மச்சாள் சொன்னாள்.

அந்த எண் எங்கிருந்து போனது என்று எனக்கு உடனே விளங்கியது. ஆனால் மச்சாள் சொல்ல வந்தது அதுவல்ல. கரைக்கு வந்ததும் அண்ணை எல்லோருக்கும் முன்னால் கூட்டாளியைக் கேட்டிருக்கிறார், உன்னையும் என்னையும் தவிர வேறு யாருக்குத் தெரியும் என்று. கூட்டாளி "நான் சொல்லேல்லை" என்று ஒரே ஒரு தரம் சொன்னாராம். பிறகு படகிலிருந்து தன்னுடைய சாப்பாட்டுப் பாத்திரத்தையும் மழைச்சட்டையையும் எடுத்துக்கொண்டு போய்விட்டார். நாளையிலிருந்து வரவேண்டாம் என்று அண்ணை அவர் முதுகைப் பார்த்துச் சொல்லியிருக்கிறார்.

மூன்றாவதாக ஒருத்திக்கும் தெரியும் என்பது அண்ணையின் நினைப்பிலேயே வரவில்லை. என்னை அவர் கணக்கில் எடுக்கவில்லை. தன் கையைத் தான் சந்தேகிப்பாரா?

மச்சாள் போனபிறகு திருத்திவிட்டு இன்னும் திருப்பிக் கொடுக்காமல் அலுமாரியில் வைத்திருந்த கொப்பிகளை எடுத்து விரித்தேன். நல்ல பிள்ளைகள், செய்தவர்கள் எல்லோரும் சரியாகத்தான் செய்திருந்தார்கள். கொப்பிக்குக் கொப்பி அண்ணையின் பார் கிடந்தது. ஒவ்வொன்றின் கீழும் நான் சிவப்புப் பேனையால் சரி போட்டுக் கையெழுத்து வைத்திருந்தேன். ஒரு கொப்பியில் அந்த எண்ணைச் சுற்றி வட்டம். பிள்ளையின் வட்டம் அல்ல, அழுத்தமாகப் போட்ட பெரியவர் கை. அதைத் திருத்தும்போது பார்த்தும் பார்க்காமல் விட்டிருக்கிறேன்.

அப்பொழுதே எழும்பி அண்ணை வீட்டுக்குப் போயிருக்கவேண்டும். நடந்தால் ஐந்து நிமிடம். நான் கொப்பிகளை அடுக்கி வைத்துவிட்டுச் சோறு வைத்தேன்.

ஏன் சொல்லவில்லை என்று கேட்டால் ஒரு காரணமும் உருப்படியாக இல்லை. அண்ணைக்கு முன்னால் சின்னவளாகிவிடுவேனே என்ற பயம். ரீச்சர் சொன்னதால் பார் போச்சுது என்று ஊர் கதைக்குமே என்ற மானம். இரண்டு பேரும் எத்தனை தரம் கோபித்து எத்தனை தரம் சேர்ந்திருக்கிறார்கள், பங்குனி முடிய ஒன்றாகிவிடுவார்கள், பிறகு சொல்லலாம் என்ற ஏமாற்று. நான் ஒரு கோழை என்பதுதான் சுருக்கமான விடை. ஒவ்வொரு நாளும் போகப் போக, ஏன் நேற்றே சொல்லவில்லை என்ற கேள்விக்கும் சேர்த்துப் பதில் தேட வேண்டியிருந்தது.

அவர்கள் ஒன்றாகவில்லை. அதற்குப் பதிலாக ஊர் கூட்டாளிக்கு ஒரு பெயர் வைத்தது. காட்டிக்குடுத்தவன். வேறு எங்காவது என்றால் அது ஒரு சாதாரண ஏச்சு. யுத்தத்துக்குள் வாழ்ந்த எங்களுக்கு அந்தச் சொல் அப்படியல்ல. அந்தப் பெயரோடு தெருவில் நடக்கமுடியாமல் ஊரைவிட்டே போன வீடுகளை எங்களுக்குத் தெரியும். வலை விட்ட நாலு படகுக்காரருக்கும் யார் கொப்பியிலிருந்து எண் வந்தது என்று நன்றாகத் தெரியும். அவர்களும் வாய் திறக்கவில்லை. திறந்தால் தங்கள் களவும் வெளிவரும். அவர்களும் நானும் ஒரே கட்சி.

கூட்டாளிக்கு எங்கள் கரையில் யாரும் இடம் கொடுக்கவில்லை. தூரத்தில் இன்னொரு இறங்குதுறையில் யாரோ ஒருவரின் படகில் உதவிக்குப் போய்வந்தார். அண்ணை அவரைத் தெருவில் கண்டால் காறித் துப்பிவிட்டுப் போவார். என் வீட்டுக்கு வரும்போதும் அவரைத் திட்டுவார். நான் தேத்தண்ணி போட்டுக்கொடுத்துவிட்டுக் கேட்டுக்கொண்டிருப்பேன். "உவனை நம்பினன் பார்" என்பார். நான் தலையாட்டியிருக்கிறேன். ஒருதரம் இரண்டு தரம் அல்ல.

ஆவணியில் நல்லூர்த் திருவிழாவுக்குப் போனேன். முருகனிடம் எல்லாவற்றையும் சொல்லி மன்னிப்புக் கேட்பதாகத் திட்டம். கோயில் வீதியில் கூட்டாளியின் மனைவி வருவதைக் கண்டதும் வளையல் கடைக்குப் பின்னால் போய் நின்றுகொண்டேன். அவள் போய்விட்டாளா என்று எட்டி எட்டிப் பார்த்ததில் முருகனைச் சரியாகக் கும்பிடவும் இல்லை. அப்படி ஒரு பக்தை நான்.

புரட்டாதியில் ஒருநாள் வகுப்பில் இலங்கைப் படம் கீறவேண்டியிருந்தது. கூட்டாளியின் மகள் பக்கத்துப் பிள்ளையிடம் வெற்றுப் படத்தாள் ஒன்று கேட்டாள். காட்டிக்குடுத்தவனின் பிள்ளைக்குப் படம் எதற்கு, அப்பாவிடம் கேட்டால் எல்லா இடமும் சொல்வாரே என்று அந்தப் பிள்ளை சொன்னது எனக்குக் கேட்டது. வகுப்பு சிரித்தது. எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. சொன்ன பிள்ளையை எழுப்பி வாயில் வந்தபடி ஏசினேன், வெளியே போய் நிற்கச் சொன்னேன். மணி அடித்தபிறகு கூட்டாளியின் மகள் என் மேசைக்கு வந்தாள்.

"தாங்ஸ் ரீச்சர்" என்றாள்.

அவள் என்னை ஏசியிருந்தால் தாங்கியிருப்பேன். அந்த நன்றியோடு இரண்டு நாள்தான் என்னால் இருக்க முடிந்தது.

சனிக்கிழமை காலை பத்து மணிபோல் கூட்டாளி வீட்டுக்குப் போனேன். முற்றத்தில் வேப்பமரத்தின் கீழ் இருந்து யாருடையதோ வலையில் சிக்கெடுத்துக்கொண்டிருந்தார். என்னைக் கண்டு எழும்பவும் இல்லை, முகம் திருப்பவும் இல்லை. நிழலில் கிடந்த கதிரையைக் காட்டினார். நான் இருக்காமலே சொன்னேன். பாரின் எண்ணை வகுப்பில் எழுதியது நான்தான் என்றேன். வழியெல்லாம் அடுக்கிக்கொண்டு வந்த வசனங்களில் அது ஒன்றுதான் வெளியே வந்தது.

அவர் சிக்கிலிருந்து கையை எடுக்கவில்லை.

"தெரியும் தங்கச்சி. பிள்ளையின்ரை கொப்பியிலை அண்டைக்கே கண்டனான்."

கதிரையில் இருந்துவிட்டேன். அவர் தொடர்ந்து சொன்னார். கண்டதும் அந்தத் தாளைக் கிழித்து அடுப்பில் போட்டாராம். தன் வீட்டால் அது வெளியே போகக்கூடாது என்பதற்காக. மற்றப் பிள்ளைகளின் வீட்டில் யாரும் கவனிக்கமாட்டார்கள் என்று நினைத்தாராம்.

அப்போதுதான் எனக்கு நினைவு வந்தது. வீட்டு வேலை சேர்த்த அன்று கூட்டாளியின் மகளிடம் மட்டும் கொப்பியில் அந்தப் பக்கம் இல்லை. கிழித்த அடையாளம் இருந்தது. ஏன் என்று கேட்டேன், அவள் சொல்லவில்லை. பாடவேளை முடியும்வரை அவளை வாங்குப் பலகையில் ஏற்றி நிறுத்தினேன். அண்ணையின் இரகசியத்தைக் காப்பாற்றிய ஒரே வீட்டை நான் தண்டித்திருந்தேன்.

கொப்பியைக் காட்டியிருந்தால், மற்றப் பிள்ளைகளின் கொப்பியையாவது காட்டியிருந்தால் அண்ணை நம்பியிருப்பாரே, ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். இப்போதுதான் அவர் வலையைக் கீழே வைத்தார். கோபம் இருந்தது. இவ்வளவு காலமும் இருந்த கோபம்.

"பதினாறு வருசம் ஒண்டாப் போனனாங்கள். கொப்பி காட்டித்தான் அவர் என்னை நம்பவேணுமெண்டால் எனக்கு அந்த நம்பிக்கை வேண்டாம்." பிறகு சொன்னார், "மற்றது, உங்களைச் சொல்லிப்போட்டு நான் எப்பிடி அவற்றை படகிலை ஏறுறது? அவருக்கு நீங்கள் எண்டால் என்னெண்டு எனக்குத் தெரியும்."

நான் அழுதேன். அவர் திரும்பவும் வலையை எடுத்துக்கொண்டார்.

"நீங்கள் வருவியள் எண்டு பாத்துக்கொண்டிருந்தனான். பங்குனியிலை இருந்து."

அங்கிருந்து நேரே அண்ணை வீட்டுக்குப் போனேன். அண்ணை குளித்துவிட்டுத் தலை துவட்டிக்கொண்டு நின்றார். மச்சாள் குசினிக்குள் இருந்தாள். இந்தமுறை ஒன்றையும் விடாமல் சொன்னேன், தாள் கிழித்ததுவரை. அண்ணை துவாயைக் கொடியில் போட்டார். மடிப்பை நேராக்கினார். ஏன் எழுதினாய் என்று கேட்பார் என்று நினைத்தேன். அதற்குப் பதில் வைத்திருந்தேன். அவர் வேறொன்று கேட்டார்.

"அவனில்லை எண்டு உனக்கு எப்பத் தெரியும்?"

மச்சாள் வந்து சொன்ன அன்றே தெரியும் என்றேன்.

அண்ணை என்னை ஒருநாளும் அடித்ததில்லை. அன்றைக்கு அடித்திருந்தால் நல்லாக இருந்திருக்கும். களவாய்த் திண்ட கையோடு நிற்கிற பிள்ளையைப் பார்ப்பது போல இல்லாமல், யாரோ பிறத்தியாரைப் பார்ப்பது போலப் பார்த்தார்.

"எழுதினது பிழை. அது எனக்கு விளங்குது. ஏழு மாசம் நான் அவனைக் கண்டு கண்டு துப்பினனான். நீ பாத்துக்கொண்டு இருந்தனி."

அண்ணை சேட்டைப் போட்டுக்கொண்டு வெளியே போனார். நான் கூடப் போகவில்லை. போகத் தைரியம் இல்லை. கூட்டாளி வீட்டு வாசலில் அரை மணித்தியாலம் நின்று கதைத்தார்கள் என்று பிறகு மச்சாள் சொன்னாள். கூட்டாளி கோபப்படவில்லை, தேத்தண்ணிகூடக் கொடுத்தாராம். படகுக்கு மட்டும் வரமாட்டேன் என்றுவிட்டார். அடுத்த நாள் விடிய, படகுகள் இறங்கும் நேரத்தில், அண்ணை எல்லோருக்கும் கேட்கும்படி தன் கூட்டாளி யாருக்கும் ஒன்றும் சொல்லவில்லை, பிழை தங்கள் வீட்டில் என்று சொல்லியிருக்கிறார். என் பெயரைச் சொல்லவில்லை. அப்போதும் என்னைக் காப்பாற்றினார். அதற்குப்பிறகு நாலு மாதம் என் வீட்டுப் படலையைத் திறக்கவில்லை. இப்போது வருகிறார், கதைக்கிறார், சாப்பிடுகிறார். யாருடைய படிவத்தையும் கொண்டு வருவதில்லை.

அண்ணை மறைத்ததை நான் மறைக்கக்கூடாது என்று தோன்றியது. அவர் கரையில் சொன்னதற்கு மறுநாள், திங்கட்கிழமை, ஒன்பதாம் வகுப்பில் பாடம் தொடங்குமுன் சொன்னேன். மாசியில் நான் எழுதிய கடல் எண் என் அண்ணையின் பார், அதை வெளியே விட்டவள் நான், வேறு யாரும் இல்லை, இவ்வளவு நாளும் தெரிந்துகொண்டே பேசாமல் இருந்தேன் என்று. பிள்ளைகள் மிரண்டுபோய்ப் பார்த்தார்கள். பெரியவர்கள் இப்படிச் சொல்லி அவர்கள் கேட்டதில்லை. கூட்டாளியின் மகள் தலையைத் தூக்கவில்லை. மேசையில் எதையோ நகத்தால் சுரண்டிக்கொண்டிருந்தாள். அவளை வாங்கில் ஏற்றி நிறுத்தியதற்கு எல்லோருக்கும் முன்னால் மன்னிப்புக் கேட்டேன். அப்போதும் தூக்கவில்லை.

பள்ளிக்கூடம் விட்டதும் மற்றப் பிள்ளைகள் போகும்வரை காத்திருந்து வந்தாள். புத்தகப் பையை இரண்டு கையாலும் முன்னால் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"ரீச்சர், அப்ப அப்பாவை இனி ஒருத்தரும் அப்பிடிச் சொல்ல மாட்டினம்தானே?"

"ஓம்" என்றேன்.

அவள் சிரித்துக்கொண்டு போனாள். ஒரு கிழமை போகவில்லை, சந்தியில் நின்ற இரண்டு பேர் அவரை அந்தப் பெயராலேயே கூப்பிட்டது என் காதில் விழுந்தது. இப்போதும் கூப்பிடுகிறார்கள். உண்மை தெரிந்தபிறகும் ஏன் என்று கேட்டதற்குச் சும்மா பகிடிக்கு என்றார்கள், அவரும் அதைப் பெரிதாக எடுப்பதில்லையாம்.